போகவோ, இருக்கவோ

இஞ்சினியர் மிஸ்ஸிடம் ஒரு கேள்வி கேட்டு, ஓம் என்றோ இல்லை என்றோ ஒற்றைப் பதில் வாங்கியவர்கள் எங்கள் கந்தோரில் யாரும் இல்லை. காலையில் தேநீர் போடும் ராசண்ணை "சீனி போடவோ மிஸ்?" என்று கேட்பார். "கொஞ்சத்துக்கும் கொஞ்சம் குறைய" என்று பதில் வரும். ராசண்ணை குசினிக்குள் திரும்பிப் போய், "இவவுக்குத் தேத்தண்ணி போடுறதுக்கு நானும் இஞ்சினியருக்குப் படிச்சிருக்க வேணும்" என்று கேத்திலுக்குச் சொல்வார். அவருக்கும் அது கேட்கும். சிரிப்பார். சிரிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

குளங்களையும் வாய்க்கால்களையும் பார்க்கிற சிறிய அரசாங்கக் கந்தோர் எங்களுடையது. மன்னார்த் தீவிலிருந்து பாலம் தாண்டி, அடம்பன் பக்கமாக உள்ளே போக வேண்டும். நான் குளங்களின் வரைபடம் வரைகிறவளாக அங்கே வேலை செய்தேன். தீவிலுள்ள கீரிக் கிராமத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் ஏறிப் போவேன். அவர் எங்கள் பொறியியலாளர். சொந்த ஊரே அடம்பன் பக்கம்தான். வயல்காரக் குடும்பம். வெளிநாட்டில் பெரிய படிப்புப் படித்துவிட்டு, அங்கேயே இருந்திருக்கலாம், ஆனால் திரும்பி வந்தவர். எங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் நான் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை ஜெசிந்தா என்று பெயர் சொல்லி, நீங்கள் போட்டுக் கதைப்பார்.

எதையாவது உறுதியாகச் சொல்ல வேண்டி வந்தால் வலது உள்ளங்கையைக் கவிழ்த்து, நங்கூரம் போட்ட வள்ளம் மாதிரி இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டுவார். "ஓரளவு." "கூடுதலா ஓம்." "இல்லை எண்டு சொல்ல ஏலாது." அவருடைய அகராதி இவ்வளவுதான். வவுனியாவிலிருந்து ஒரு கல்யாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு தமையன் கேட்டாராம், பிடித்திருக்கிறதா என்று. "அரைக்கு மேல பிடிச்சிருக்கு" என்று இவர் சொன்னாராம். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. இதை அவரே எங்களுக்குச் சொன்னார். "அரைக்கு மேல எண்டால் நல்ல விசயம்தானே ஜெசிந்தா? நீங்கள் கட்டேக்க உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஒருமுறை மாதாவின் திருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனுசன் கடலுக்குப் போகிறவர், வாய் சும்மா இருக்காது. "மிஸ், நீங்கள் கடவுளை நம்புறியளோ இல்லையோ?" என்று கேட்டே விட்டார். எனக்கு வெட்கமாய்ப் போனது. அவர் மீன்குழம்பு விரலோடு யோசித்து, "சில நாளில கூட நம்புவன், சில நாளில குறைய" என்றார். என் மனுசன் தொடையில் தட்டி, "இவதான் மெய் சொல்லுறா. கடலில நிக்கேக்க எனக்கும் அப்பிடித்தான்" என்றார். அன்றிலிருந்து என் வீட்டில் அவருக்கு நல்ல மதிப்பு.

அந்தக் குணமே அவருடைய படிப்பாகவும் இருந்தது. ஃபஸி லொஜிக் என்பார். தமிழில் மங்கல் தருக்கம் என்று எங்கோ எழுதியிருக்கிறார்கள் என்றும், அந்தப் பெயர் தனக்கு முக்கால்வாசிதான் பிடிக்கும் என்றும் சொல்வார். எனக்கு விளக்கியது குளக்கட்டில் நின்றுகொண்டுதான். வழக்கமான இயந்திரத்துக்குக் கத்தி மாதிரி ஒரு கோடு வேண்டும். இந்த அடிவரை தண்ணீர் நின்றால் ஆபத்து இல்லை, கதவு பூட்டு. ஒரு நூல் கூடினால் ஆபத்து, கதவு திற. "ஆனா தண்ணிக்கு அந்தக் கோடு தெரியுமோ? ஒரு நூலுக்கு முந்திப் பயமே இல்லை, ஒரு நூலுக்குப் பிறகு முழுப்பயம் எண்டு ஒரு மனிசரும் நினைக்க மாட்டினம். பயம் கொஞ்சம் கொஞ்சமாத்தானே ஏறுது" என்றார். அவருடைய முறையில் ஒரே நீர்மட்டம் கொஞ்சம் 'நிறைவு' ஆகவும் கொஞ்சம் 'ஆபத்து' ஆகவும் இருக்கலாம். எது எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, மழையையும் ஆற்றின் ஏற்றத்தையும் அதே மாதிரிப் பார்த்து, எல்லாவற்றையும் அவர் எழுதிக் கொடுத்த விதிகளின்படி சேர்த்து, குளத்தில் கூடிய தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவைக் கடைசியில் இவ்வளவு திறக்கலாம் என்று கொம்பியூட்டர் சொல்லும். அதற்கு முன்னர் எங்கள் குளத்தில் கதவைக் கடைசி நேரத்தில் ஒரேயடியாகத் திறப்பதும், கீழே வயல்கள் அள்ளுப்பட்டுப் போவதும் வழக்கமாக இருந்தது.

அந்த 'கொஞ்சம்', 'மெத்த' எல்லாவற்றுக்கும் அளவு வேண்டும் என்று அவர் விவசாயிகளைக் கூட்டினார். 'தண்ணி மெத்திப் போச்சு' என்று எப்போது சொல்வீர்கள் என்று கேட்டார். பள்ளக்காணிக்காரர் ஒருவர் கையை முழங்காலுக்குக் கீழே காட்டினார். மேட்டுக்காணிக்காரர் இடுப்பைக் காட்டினார். "உன்ர இடுப்பு வரைக்கும் வந்தா என்ர வீட்டில பாத்திரம் மிதக்கும்" என்று மற்றவர் எழும்ப, இரண்டு பேருக்கும் பழைய வாய்க்கால் தகராறு ஒன்று ஞாபகத்துக்கு வந்து, கதிரைகள் விழுந்தன. நான் பயந்து அவரைப் பார்த்தேன். அவர் முகம் முழுக்கச் சந்தோசம். "விடுங்கோ ஜெசிந்தா, சண்டை பிடிக்கட்டும். இந்தச் சண்டைதான் எனக்கு வேணும்" என்றார். பிறகு பலகையில் ஒன்றின்மேல் ஒன்று படிகிற மாதிரி மலைகள் வரைந்து, ஒருவருடைய 'காணும், போதும்' முடிவதற்கு முதலே மற்றவருடைய 'மெத்த' தொடங்குகிற இடத்தைக் காட்டினார். சண்டை பிடித்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

முதல் மாரி நன்றாகப் போனது. கதவுகள் நேரத்தோடேயே சிறிது சிறிதாகத் திறந்தன. கீழே ஒரு வயலும் அள்ளுப்படவில்லை. சனம் அதை 'மிஸ்ஸின்ர பெட்டி' என்றது. கதவுக்கு அது சொன்ன புத்தி சரியாக இருந்ததால், மனிதர்களுக்கும் அதையே கேட்கலாம் என்று மேலிடம் நினைத்தது. அந்தக் கதவுகளால் வரும் தண்ணீர் ஓடுகிற வான் வாய்க்காலின் ஓரமாக ஒரு குடியிருப்பு இருந்தது. வெள்ள எச்சரிக்கையும் இனி நீங்களே கொடுங்கோ என்று எங்கள் கந்தோரிடம் சொன்னார்கள். அவர் உள்ளங்கையை ஆட்டினார். மேலதிகாரி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

சரசக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்தக் குடியிருப்பில் கடைசி வீடு அவருடையது. எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். கத்தரிக்காய்ப் பால்கறியும் குளத்து மீனும் சமைத்து, எங்களை அடுப்படியில் இருத்தியே சாப்பிட வைப்பார். அறுபதை நெருங்கிய மனுசி. அவருடைய புருசனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க இழுத்துவிட்டது. முன் அறையில் கட்டிலில் கிடப்பார். நல்ல ஆகிருதியான மனிதர், படுக்கையிலும் பாரம் குறையவில்லை. பேச்சு வராது. இடது கையால் எல்லாம் சொல்வார். எங்களைக் கண்டால் அந்தக் கையைத் தூக்கி, சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார். எங்கள் மிஸ் தன் உள்ளங்கையை ஆட்டிக் காட்டுவார், அரைவயிறு என்று. அந்த மனிதர் ஓசையில்லாமல் சிரிப்பார். அந்த இரண்டு பேருக்கும் இடையில் எப்போதும் அந்த விளையாட்டு நடக்கும்.

இரண்டாவது மாரியில் ஒருநாள் மழை பலத்தது. பெட்டி சொன்னதை மிஸ் குடியிருப்புக்குச் சொன்னார். அவருடைய பாணியில்தான் சொன்னார். "போனால் நல்லம். கட்டாயம் எண்டு இல்லை. ஆனா போனால் நல்லம்." பாதிச் சனம் போனது, பாதிச் சனம் இருந்தது. சரசக்கா அவர்மேல் இருந்த மரியாதையில் ட்ரக்டர் பிடித்து, நாலு ஆம்பிளைகளைக் கூப்பிட்டு, புருசனை மெத்தையோடு அதன் பின்பெட்டியில் ஏற்றி, கொட்டுகிற மழையில் படங்குத் துணியால் மூடிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். சீமெந்து நிலத்தில் கிடத்தினார்கள். தண்ணீர் வந்தது, வாசற்படியைத் தொட்டது, திரும்பிப் போனது. வீட்டுக்குள் ஒரு பானைகூட நனையவில்லை. ஆனால் அந்த மனிதருக்குச் சளி நெஞ்சில் இறங்கி, மன்னார் ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காலம் கிடக்க வேண்டி வந்தது. முதுகில் புண்ணும் வந்துவிட்டது.

நானும் அவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சரசக்கா வார்ட் வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்.

"பிள்ளை, நீ படிச்சனி. நான் உன்னைக் குறை சொல்லேல்லை. ஆனா உன்ர காலும் அரையும் எங்களுக்கு வேண்டாம். ரெண்டு கால் இருக்கிற சனத்துக்கு நீ அரையும் சொல்லலாம், முக்காலும் சொல்லலாம். அதுகள் வாசலில நிண்டு பாத்திட்டு ஓடுங்கள். இந்த மனிசனை வைச்சுக்கொண்டு நான் எப்பிடி அரைவாசி போறது? ஒண்டில் போ எண்டு சொல்லு. இல்லாட்டி இரு எண்டு சொல்லு."

"சரசக்கா, மழையை அப்பிடிச் சொல்ல ஏலாது..."

"ஏலாட்டி எங்களுக்கு ஒண்டும் சொல்லாத."

அடுத்த கிழமை மிஸ் நல்ல தடிப்பான மெத்தை ஒன்றை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். சரசக்கா வாங்கிக்கொண்டார், சோறும் போட்டார். உறவு பழையபடி ஆனது போலத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு மிஸ் தன்னை மாற்றிக்கொள்ளப் பார்த்தார். கந்தோரில் யாராவது ஏதும் கேட்டால் கை தானாகக் கவிழும். அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "ஓம்" என்பார். சொல்லிவிட்டு, மருந்து விழுங்கின மாதிரி நிற்பார். ராசண்ணை ஒருநாள் வழக்கம்போலச் சீனி கேட்க, "போடுங்கோ" என்று மட்டும் சொன்னார். ராசண்ணை என்னிடம் வந்து, "மிஸ்ஸுக்கு என்ன சுகமில்லையோ?" என்று கேட்டார்.

அடுத்த மாரி.

புயல் ஒன்று எங்களுக்குத் தெற்கே எங்கோ கரை ஏறியதாகச் சொன்னார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அன்று முற்பகலில் கொஞ்சம் வெளித்திருந்தது. எங்கள் குளம் கட்டுக்குள் இருந்தது, கதவுகள் அளவாகத் திறந்திருந்தன. பெட்டி குடியிருப்புக்கான ஆபத்தைக் 'குறைவு' என்பதற்கும் 'நடுத்தரம்' என்பதற்கும் இடையில், குறைவுக்குக் கிட்டவாகக் காட்டியது. அவரும் நானும்தான் திரைக்கு முன்னால் இருந்தோம்.

போன் அடித்தது. சரசக்கா. மிஸ் ஸ்பீக்கரில் போட்டார்.

"பிள்ளை, ட்ரக்டர்காரன் வந்து வாசலில நிக்கிறான். இப்ப விட்டால் பிறகு தான் வர மாட்டானாம், அவனுக்கு வேற இடம் இருக்காம். இந்த மனிசனைத் தூக்குறதெண்டால் இப்பவே தூக்க வேணும். போகவோ, இருக்கவோ?"

"இப்போதைக்குப் பாத்தால் சரசக்கா, ஆபத்துக் குறைவாத்தான்..."

"பிள்ளை! ஒரு சொல்லு."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கை மேசையில் கவிழ்ந்து கிடந்தது, அது ஆடவில்லை. ஸ்பீக்கரில் ட்ரக்டரின் சத்தம் கேட்டது. அந்த மனிதரின் முதுகுப் புண்ணைத்தான் அவர் நினைத்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். வேறு என்ன நினைத்திருக்க முடியும்?

"இருங்கோ" என்றார்.

"ஆ. அது போதும் பிள்ளை" என்று சரசக்கா போனை வைத்தார். அந்தக் குரலில் எவ்வளவு ஆறுதல் இருந்தது என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "சரிதானே ஜெசிந்தா?" அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெட்டி அப்படித்தானே காட்டுகிறது என்றேன்.

பெட்டிக்கு ஆற்றுநீரின் மட்டத்தைச் சொல்கிற சென்சரில் ஒரு மரக்கொப்பு வந்து செருகி, அது விடியக்காலையிலிருந்து ஒரே அளவையே சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மேலே வேறு ஒரு குளத்தின் கதவுகளை, அவர்களுடைய கட்டைக் காப்பாற்றத் திறந்திருக்கிறார்கள். அதையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் குளக்கட்டு உடையவில்லை. ஆறு கரை மீறி, குளத்தைச் சுற்றிக்கொண்டு, பக்கத்தால் வான் வாய்க்காலுக்குள் இறங்கியது. பொழுதுபடுவதற்கு முதலே குடியிருப்புக்குள் ஆள் தாண்டிய தண்ணீர். போன் தொடர்பு போய்விட்டது. அவரும் ராசண்ணையும் நானும் கந்தோர் வாகனத்தில் வெளிக்கிட்டோம். பாதி வழியில் வீதியையே காணவில்லை. அவர் இறங்கித் தண்ணீருக்குள் நடக்கப் பார்த்தார். ராசண்ணை அவருடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

விடிந்து, வள்ளங்கள் வந்த பிறகுதான் போக முடிந்தது. சரசக்கா பக்கத்து வீட்டின் தட்டுக் கூரையில், யாரோ கொடுத்த சாரத்தைப் போர்த்துக்கொண்டு இருந்தார். பக்கத்து வீட்டுப் பெடியள் இரண்டு பேர் நீந்தி வந்து அவரை இழுத்திருக்கிறார்கள். கட்டிலைத் தூக்க அவர்களால் முடியவில்லை. தண்ணீர் மெத்தைக்கு மேல் வந்தபோது சரசக்கா புருசனின் தலையை மடியில் வைத்து உயர்த்திக்கொண்டு இருந்தாராம். அந்த மனிதர் தன் இடது கையால் அவரைத் தள்ளினாராம், போ போ என்று. குடியிருப்பில் வேறு ஒருவரும் சாகவில்லை. நடக்கக்கூடிய எல்லோரும் தப்பிவிட்டார்கள்.

விசாரணை வைத்தார்கள். மூன்று அதிகாரிகள், நீளமான மேசை. கெட்ட மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். சென்சர் அடைபட்டது, மேலே கதவு திறந்ததை அறிவிக்காதது, எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பொறியியலாளர்மேல் பிழை இல்லை என்று எழுதவே அவர்கள் விரும்பினார்கள். நான் வாசலோரக் கதிரையில் இருந்தேன்.

"மேடம், கொம்பியூட்டருக்குப் பிழையான தகவல் போயிருக்கு. அதாலதான் அது பிழையாச் சொல்லியிருக்கு. அப்பிடித்தானே?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"இல்லை" என்றார் அவர்.

அந்தச் சொல்லை அவர் வாயில் அவ்வளவு வெறுமையாக நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

"கொம்பியூட்டர் இருக்கச் சொல்லேல்லை. பிழையான தகவலோடயும் அது கொஞ்சம் பயம் இருக்கு எண்டுதான் சொன்னது. அந்தக் கொஞ்சத்தை நான் எடுத்து எறிஞ்சிட்டன். இருங்கோ எண்டு சொன்னது நான்."

"நீங்கள் ஒரு ஆறுதலுக்குச் சொல்லியிருப்பியள். அது தனிப்பட்ட கதை. இதில எத்தினையோ பேரின்ர பங்கு இருக்கு மேடம். மேல கதவு திறந்த ஆக்கள் இருக்கினம், சென்சரைப் பராமரிக்கிற ஆக்கள் இருக்கினம். உங்கட பங்கு எவ்வளவு எண்டு பாத்தால்..."

"முழுக்க" என்றார்.

அதிகாரி பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு தேநீர் வரவழைத்தார். கடைசியில் ஒருவர்மேலும் பிழை இல்லை, இயற்கை அனர்த்தம் என்று முடித்தார்கள். பெட்டியை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். கதவுகள் பழையபடி கோடு பார்த்துத் திறக்கத் தொடங்கின.

வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் மிஸ் இப்பிடிச் செய்தனீங்கள்? மெய்யை மெய்யாச் சொல்லியிருக்கலாமே. எல்லாத்தையும் பங்கு போட்டுப் பாக்கிற ஆள் நீங்கள்தானே?"

அவர் கையிலிருந்த கோப்பைப் பைக்குள் வைத்தார்.

"தண்ணிக்கு விதி எழுதினன் ஜெசிந்தா. மழைக்கு எழுதினன். ஆத்துக்கு எழுதினன். எல்லாரிட்டயும் கேட்டுக் கேட்டு எழுதினன். எந்த வீட்டில ஆர் நடக்க மாட்டினம் எண்டு ஒரு விதி எழுதேல்லை. ஒவ்வொரு நாளும் அந்த வீட்டிலதான் சோறு திண்டனான். அந்த மனிசனுக்கு 'கொஞ்சம் ஆபத்து' எண்டால் அது முழு ஆபத்துத்தான். அது எனக்குத் தெரிய வேண்டிய விசயம்."

பஸ் வந்தது, ஏறினோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவரோடு நானும் போனேன். குடியிருப்பில் சுவர்களில் சேற்றின் அடையாளம் தலைக்கு மேல் நின்றது. முன் அறையில் கட்டிலை எடுத்துவிட்டார்கள். அந்த இடம் பெரிதாகத் தெரிந்தது. சரசக்கா எங்களுக்கு இலை போட்டார், தன் கையால் பரிமாறினார். முகத்தில் கோபம் இல்லை. நாங்கள் கை கழுவி வெளிக்கிடும்போது வாசல் படலை வரைக்கும் வந்தார்.

"பிள்ளை" என்றார்.

"சொல்லுங்கோ சரசக்கா."

"நீ போகச் சொல்லியிருந்தா, நான் உன்னைத் திட்டியிருப்பன். அந்தரப்படுத்திறாய் எண்டு வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பன்." கொஞ்சம் நிறுத்தினார். "திட்டிக்கொண்டு போயிருப்பன். போகாமல் இருந்திருக்க மாட்டன்."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு அவருடைய தலையைத் தடவினார். தடவாமல் விட்டிருக்கலாம்.

அந்த மாதக் கடைசியோடு மிஸ் வேலையை விட்டார். யார் சொல்லியும் கேட்கவில்லை.

பிறகு நான் அவரைப் பார்த்தது இரண்டு மாரி கழித்துத்தான். அடம்பனில் தமையன் வீட்டில் இருந்தார். மெலிந்திருந்தார். தமையனின் மனைவி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார்: "என்ன கேட்டாலும் தெரியாது எண்டுதான் சொல்லுறா தங்கச்சி. கறிக்கு என்ன வைக்க எண்டாலும் தெரியாது, சந்தைக்கு வாறியளோ எண்டாலும் தெரியாது. பிள்ளையள் கணக்குச் சொல்லித் தரக் கேட்டால் மட்டும் இருந்து சொல்லிக் குடுப்பா. அதுக்கு ஒரு விடைதானே."

நான் போனது ஒரு செய்தியோடு. வேறு மாவட்டத்தில், வேறு ஒரு ஆற்றோரத்தில், ஒரு பல்கலைக்கழகக் குழு அவருடைய முறையை எடுத்து, திருத்தி, வைத்திருந்தது. அந்த மாரியில் அங்கே வெள்ளம் வந்து, நேரத்தோடு சொல்லி, ஒரு கிராமம் முழுவதையும் வெளியேற்றியிருந்தார்கள். குழுவில் ஒருவர் எங்கள் கந்தோருக்குப் போன் எடுத்து, அவருக்கு நன்றி சொல்லச் சொன்னார். இதைக் கேட்டால் அவருக்குக் கொஞ்சமாவது உயிர் வரும் என்று நான் நம்பினேன். விறாந்தையில் அவருக்கு எதிரே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு ஆளும் சாகேல்லை மிஸ். ஒரு ஆளும்" என்றேன்.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, "நடக்க ஏலாத ஆக்கள் இருந்தவையோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அதை நான் கேட்கவில்லை.

"கேளுங்கோ" என்றார்.

அங்கேயே இருந்து அந்தக் குழுக்காரருக்குப் போன் எடுத்தேன். அவருக்கும் தெரியவில்லை. கிராமத்தில் யாரிடமோ விசாரித்துவிட்டுத் திருப்பி எடுத்தார். முற்றத்தில் நெல்லுக் காய்ந்துகொண்டிருந்தது.

"இருந்தவையாம் மிஸ்" என்றேன். "ஒரு வயசான அம்மா, படுத்த படுக்கையாம். முதல் ட்ரக்டரில அவவைத்தான் ஏத்தினதாம்."

"அப்பிடி ஏத்தச் சொல்லி அந்தக் கொம்பியூட்டர் சொன்னதோ?"

"இல்லை. அந்த ஊர்ப் பெடியள் தாங்களாத்தான் ஏத்தினவையாம். ஆரும் சொல்லேல்லையாம்."

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப, அது விதி எழுதாமலே மனிசர் செய்யக்கூடிய வேலைதான்" என்றார்.